கழிச்சுப் போட்ட ஜீப்

ஜூலை 7, ஞாயிறு

இன்னிக்கு இந்த நோட்டை ஆரம்பிக்கறேன். பழைய வண்டியைச் சீர்படுத்தறவன் என்ன கழட்டுனான், என்ன மாட்டுனான்னு தேதி போட்டு எழுதி வெக்கோணும்னு புஸ்தகத்துல இருக்கு. சாதாரணப் புஸ்தகம் இல்லை. ரெண்டாம் உலகப்போர் ஜீப்பைப் பத்தி வெளிநாட்டுல அடிச்சது. தலைக்கு வெச்சுப் படுக்கலாம், அத்தனை தடி.

விஷயம் என்னன்னா, எங்க போர்க்கால வண்டிகள் சங்கம் வர்ற ஜனவரி 26 கோயமுத்தூர்ல கண்காட்சி நடத்துது. மொத்தம் பதினாலு மெம்பர். பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆன இஞ்சினியர் ஒருத்தர் வந்து ஒவ்வொரு வண்டியையும் தட்டிப் பார்த்து, தேறுனதுக்கு 'அசல்'னு சான்றிதழ் குடுப்பாங்க. அதுல முதல்ல நிக்கற வண்டிதான் அணிவகுப்புக்குத் தலைமை. அந்த வண்டி என்னுதா இருக்கோணும். இல்லைன்னா என் பேரு வெள்ளியங்கிரி இல்லை.

சரியாச் சொன்னா ஜீப்பு என் சம்சாரம் தெய்வானையோடது. சண்டை முடிஞ்சு பட்டாளம் ஏலம் விட்டப்ப என் மாமனார் எடுத்தது. அவர் காலத்துக்கப்பறம் ஆனைமலை தென்னந்தோப்பு மச்சினன் சென்னியப்பனுக்கு, ஜீப்பு தெய்வானைக்கு. வேற எதுவும் அவ கேக்கலை. ஆர்.சி. புக்கும் அவ பேர்லதான், அவ பீரோவுலதான்.

சாயங்காலம் அவகிட்ட விஷயத்தைச் சொன்னேன். அப்பா வண்டி அப்படியே இருக்கட்டுங்களேன்னா. பொம்பளைங்களுக்கு அசலு நகலு வித்தியாசம் எங்க தெரியுது.

ஜூலை 10, புதன்

புஸ்தகம் நாப்பத்தேழாம் பக்கத்துல முழுப் பக்கத்துக்கு ஒரு ஜீப்பு படம். 1944. அதுதான் நமக்கு மாதிரி. முன்னாடி முப்பது நாப்பது பக்கம் வெறும் முன்னுரை, பொடி எழுத்து. விட்டுட்டேன்.

படத்தை வெச்சுக்கிட்டு நம்ம வண்டி முன்னால போய் நின்னேன். ரேடியேட்டருக்கு முன்னால படத்துல ஒரே தகடு, ஒம்பது ஓட்டை, அத்தனை லட்சணம். நம்முதுல பட்டைக் கம்பியை வரிசையா நிறுத்தி வெல்டு அடிச்சிருக்கு, ஜன்னலுக்கு அடிக்கற மாதிரி. மாமனார் நல்ல மனுஷன். எந்தப் பட்டறைக்காரன்கிட்டயோ ஏமாந்திருக்கார்.

பம்ப் கம்பெனியில முப்பத்தொரு வருஷம் தரப் பரிசோதனை பார்த்தவன் நான். தேறாத உருப்படி எதுவா இருந்தாலும் சிவப்புப் பெயிண்டுல ஒரு பெருக்கல் குறி போட்டுக் கழிச்சுருவேன். நான் குறி போட்டதை முதலாளியே வந்தாலும் திரும்ப உள்ள எடுக்க முடியாது. இன்னிக்கு அந்த ஜன்னல் கம்பிக்கு ஒரு குறி போட்டேன். ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் கழிச்சுக் கைக்கு வேலை கிடைச்ச சந்தோஷம்.

ஜூலை 11, வியாழன்

ஸ்பேர் பார்ட்ஸ் சிங்காரம் கடைக்குப் போனேன். அசல் ஒம்பது ஓட்டைத் தகடு உள்ள இருக்குங்கன்னான். பர்மா சண்டையில ஓடுன வண்டியோடதாம். கையில வாங்கினா சூடா இருந்துச்சு. வெயில்ல வெச்சிருந்தானாம்.

மத்தியானம் மச்சினன் திடீர்னு டெம்போவுல வந்துட்டான். ரெண்டு தேங்காய் குடுக்கறதுக்கு ஆனைமலையில இருந்து டெம்போவா? கழிச்ச கம்பியைக் கோழிக்கூண்டுக்குக் கதவு வெக்கறேன்னு தூக்கிட்டுப் போயிட்டான். அடிச்சாலும் பிடிச்சாலும் ஒண்ணையும் வீசமாட்டான், அப்படி ஒரு கஞ்சன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இந்த வாரம் கழிச்சது:

டேஷ்போர்டு. படத்துல வலது பக்கம் மூடி போட்ட சின்னப் பெட்டி இருக்கு. நம்முதுல பெட்டியே இல்லை, வெறும் தகடு. பெட்டி வெக்காத ஜீப்பு எந்த ஊர்ல இருக்கு?

சக்கரம் நாலும். படத்துல ரெண்டு பாதியா போல்ட் போட்டு முடுக்கின சக்கரம். நம்முது ஒரே தகடு. காய்கறி வண்டிச் சக்கரம் இதைவிடத் தேவலை.

இன்னொரு கூத்து. பின்னால இடது மூலையில தகட்டைப் புடைச்சுக் கம்பெனி பேரு பெருசா போட்டிருக்கு. சண்டைக்குப் போற வண்டியில எவனாவது கம்பெனி விளம்பரம் பண்ணுவானா? படத்துலயும் இல்லை. பட்டி வெச்சு வழிச்சு விட்டுட்டேன். பச்சை அடிச்சதும் இருந்த எடமே தெரியலை.

பட்டி காயற வரைக்கும் தெய்வானை பக்கத்துல நின்னு பார்த்துட்டே இருந்தா. அந்த எழுத்து மேல விரலை வெச்சுத்தான் அப்பா எனக்கு இங்கிலீஷ் எழுத்துச் சொல்லிக் குடுத்தாருங்கன்னா. இனிமேப் புஸ்தகத்துல படிச்சுக்கலாம்னு சொன்னேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மச்சினன் வந்தான். சக்கரம் கன்னுக்குட்டி கட்டறதுக்காம். டேஷ்போர்டு எதுக்குன்னு கேட்டேன். யோசிச்சுட்டு, பொட்டு வெக்கறப்ப கண்ணாடி மாட்டறதுக்குங்கன்னான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சங்கக் கூட்டம். டைல்ஸ் வியாபாரி குழந்தைவேலு இந்த வருஷம் டாங்கி கொண்டு வர்றாராம். டாங்கின்னா அடியில டிராக்டரு, மேல பிளைவுட்டு, பீரங்கிக்கு நாலு இஞ்ச் பிளாஸ்டிக் பைப்பு. அந்த மனுஷன் சிரிச்சுட்டே சொல்றாரு, மேல உக்காந்து முறுக்குத் தின்னறதுக்கு வசதியா ஒரு பலகை வேற போட்டிருக்காராம்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எந்திரிச்சு அரை மணி நேரம் பேசினேன். நகல் வண்டியை அசலோட ஒரே வரிசையில நிறுத்தறது, போருக்குப் போனவங்களையே அவமானப்படுத்தறதுன்னேன். ஏழாவது விதி நான் எழுதிக் குடுத்து அங்கயே நிறைவேறுச்சு: நகல் வண்டி அத்தனையும் மைதானத்துக்குப் பின்னால, நடமாடும் கழிப்பறைக்குப் பக்கத்துல. குழந்தைவேலு, நிழல் இருக்குமுங்களான்னு மட்டும் கேட்டார்.

வீட்ல வந்து சொன்னா தெய்வானை மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. அந்த மனுஷன் யாரையும் ஏமாத்தலையேங்கறா.

செப்டம்பர் 14, சனி

பாடி மொத்தமும் கழிச்சாச்சு. தரையில துரு, ஒட்டுப் போட்ட எடம் ஆறு. சிங்காரம் வடக்க இருந்து அசல் பாடி வரவழைச்சுக் குடுத்திருக்கான். எம்பது வருஷம் ஆகியும் ஒரு பொட்டுத் துரு இல்லை. அந்தக் காலத்து இரும்பு அந்தக் காலத்து இரும்புதான்.

பழைய பாடிக்கு எட்டு எடத்துல குறி. மச்சினன் மாட்டுக்குத் தண்ணி காட்டறதுக்குன்னு ஏத்திக்கிட்டான். அத்தனை ஓட்டை இருக்கறதுல தண்ணி நிக்குமாடா மாப்ளேன்னு கேட்டேன். கொஞ்சமாத்தானுங்க குடிக்கும்னான்.

ஒரு விஷயம் கவனிச்சேன். நான் குறி போட்டுப் பெயிண்டு காயறதுக்குள்ள இவன் டெம்போ வந்து நின்னுருது. ஆனைமலை காத்துல சேதி போகுதோ என்னவோ. தெய்வானை போனைப் பிடிச்சுட்டு அந்தண்டை போய்ட்டா, கேக்கலாம்னா ஆளைக் காணோம்.

அக்டோபர் 9, புதன்

இஞ்சின் கழிச்சேன். ஓடுச்சு, நல்லாவே ஓடுச்சு. ஆனா நம்பர் 44-ஆம் வருஷத்துக்கு ஒத்து வரலை, ரொம்பச் சின்ன நம்பரு. சிங்காரம் கொண்டு வந்த இஞ்சின்ல நம்பர் கணக்காப் பொருந்துது. இரும்புத்தூள் கூட இன்னும் அந்த நம்பரைச் சுத்தி ஒட்டியிருக்கு. அத்தனை பத்திரமா வெச்சிருந்திருக்காங்க.

பழசு கிணத்து மோட்டாருக்குப் பதிலா வெப்பானாம் மச்சினன். தலையில அடிச்சுக்கிட்டேன்.

நவம்பர் 1, வெள்ளி

தீவாளிக்கு ஆனைமலை போலாம்னா தெய்வானை வேண்டாம்னுட்டா. தோப்புல பாம்பு நடமாட்டமாம். நீங்க இங்கயே இருங்க, நான் மட்டும் ஒரு எட்டுப் பார்த்துட்டு வர்றேன்னு கிளம்பிட்டா. பாம்பு அவளை ஒண்ணும் பண்ணாதான்னு அப்பறமாத்தான் தோணுச்சு.

நவம்பர் 17, ஞாயிறு

சேஸிஸ். இதுதான் கடைசி. அதோட நம்பரும் சின்னது. புது சேஸிஸ், அதாவது பழைய சேஸிஸ், சிங்காரம்கிட்ட இருந்து வந்துருச்சு. இனி வண்டியில ஒரு தப்பான சாமான் இல்லை.

டெம்போ போனதும் தெய்வானை வாசல்லயே ரொம்ப நேரம் நின்னா. உள்ள வந்தப்ப கண்ணு செவந்திருந்துச்சு. வெங்காயம் உரிச்சேன்னா. மத்தியானம் தயிர்ச் சோறும் நார்த்தங்காயும்தான் சாப்பிட்டோம்.

டிசம்பர் 8, ஞாயிறு

அவளுக்கும் வண்டி மேல ஆசை வந்துருச்சு. கூடவே இருந்தா குணம் வராமப் போகுமா. ராத்திரிச் சோறு போடறப்ப கேக்கறா, கார்புரேட்டர்ல பெட்ரோல் வழிஞ்சா எதைங்க முடுக்கோணும்னு. எனக்குத் தலைகால் புரியலை. மிதவை, ஊசி, வாஷர்னு ரசம் ஆறிப் போற வரைக்கும் சொன்னேன். அவ பால் கணக்கு எழுதற அட்டையில குறிச்சுக்கிட்டா. கிளட்ச் தட்டு எந்தப் பக்கம் பார்த்து மாட்டோணும்னு அடுத்த கேள்வி. இந்த அறிவு இத்தனை நாளா எங்க இருந்துச்சு?

அவ நகத்துல கிரீஸ் மாதிரி கருப்பா இருந்துச்சு. ஆனைமலையில செக்கு எண்ணெய் ஆட்டறாங்களாம்.

டிசம்பர் 22, ஞாயிறு

பச்சை ரெண்டாவது கோட்டு. தெய்வானை ஊர்ல இல்லை. நானே உப்புமா கிண்டிக்கிட்டேன். கட்டி கட்டியா வந்துச்சு.

வண்டியை நாப்பத்தேழாம் பக்கத்துக்குப் பக்கத்துல நிறுத்திப் பார்த்தேன். எது படம் எது வண்டின்னே தெரியலை. ஆனா உக்காந்து ஓட்டுனா என்னமோ மாதிரி இருக்கு. வேற ஆளு செருப்பைப் போட்டுக்கிட்ட மாதிரி. ஓட ஓடச் சரியாயிரும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மச்சினன் கன்னத்துல பச்சைப் பெயிண்டு. மாட்டுக் கொம்புக்கு அடிச்சானாம். ஆனைமலைப் பக்கம் கொம்புக்குப் பட்டாளத்துப் பச்சையா அடிக்கறாங்க?

கண்காட்சிக்கு இளநி சப்ளை இவன்தானாம். தெய்வானைதான் சங்கத்துல பேசி வாங்கிக் குடுத்திருக்கா. போனாப் போகட்டும்.

ஜனவரி 25, சனி

சாயங்காலம் மட்கார்டுக்கு இன்னொரு கோட்டு பச்சை அடிச்சேன். தூக்கம் வரலை. நாளைக்கு.

ஜனவரி 26, ஞாயிறு

எல்லாத்தையும் எழுதிடறேன். மறைச்சு என்ன ஆகப் போகுது, ஊரே பார்த்தாச்சு.

காலையில ஏழு மணிக்கே கல்லூரி மைதானத்துல முதல் வரிசையில நம்ம வண்டி. நான் காக்கிச் சட்டை, தொப்பி. பரிசோதனைக்கு வந்தவங்க மேஜர் பங்கஜவல்லி. நான் மீசை வெச்ச ஒருத்தரை எதிர்பார்த்துட்டு இருந்தேன். இவங்க அறுபது வயசு அம்மா, திருச்சிக்காரங்க, பட்டாளத்து ஒர்க்‌ஷாப்புல இருபது வருஷம் இருந்தவங்க. கையில ஒரு டார்ச்சு, ஒரு சின்னக் காந்தம். பாயை விரிச்சு வண்டிக்கு அடியில படுத்தாங்க. கால் மணி நேரம் கால் மட்டும் தெரிஞ்சுச்சு. அப்பறம் எந்திரிச்சு, கட்டை விரலை மட்கார்டு மேல வெச்சு எடுத்தாங்க. விரல் ரேகை அப்படியே பதிஞ்சு நின்னுச்சு.

வண்டியை ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க சார்னாங்க. பண்ணியிருக்கீங்கன்னா என்னங்கன்னு கேட்டேன்.

"பண்ணியிருக்கீங்கன்னுதான் சொல்றேன். நாப்பத்துநாலுல செஞ்ச ஒரு ஆணி கூட இதுல இல்லை. எல்லாமே போன வருஷத்துச் சரக்கு."

பர்மாவுல ஓடுன வண்டிங்கம்மான்னேன். பர்மாவுக்குப் போற பஸ்ஸைக் கூட இது பார்த்திருக்காதுன்னு சொல்லிட்டு, படிவத்துல 'நகல்'னு எழுதிட்டாங்க. சுத்தி நின்ன பதிமூணு மெம்பரும் என்னைப் பார்க்கலை. அதுதான் தாங்க முடியலை. சிரிச்சிருந்தாக் கூடப் பரவாயில்லை.

செயலாளர் பக்கத்துல வந்து, அண்ணா, ஏழாவது விதின்னு இழுத்தார். தெரியும்னு சொன்னேன். நானே ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு, ரெண்டு பேர் பின்னாடி தள்ள, மைதானத்துக்குப் பின்னால கொண்டு போய்க் கழிப்பறைக்குப் பக்கத்துல நிறுத்தினேன். தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க. குழந்தைவேலு டாங்கியில இருந்து இறங்கி வந்தார். ஒரு வார்த்தை குத்திக் காட்டலை. வாங்கண்ணா, இந்தப் பக்கம் நிறுத்துங்க, காத்து அங்கிருந்து அடிக்குதுன்னு, பீரங்கி நிழல்ல எடம் விட்டு, முறுக்கு டப்பாவையும் நீட்டினார். மனுஷன்னா அவர்தான். ஒண்ணு எடுத்துக்கிட்டேன்.

அப்பத்தான் முன் பக்கம் கூட்டம் கூடறது தெரிஞ்சுச்சு. போய் எட்டிப் பார்த்தேன். மேஜரம்மா இளநி குடிக்க வந்திருக்காங்க. குழலை வாயில வெச்சது வெச்சபடியே மச்சினன் இளநி ஏத்திட்டு வந்த வண்டி முன்னால குத்த வெச்சு உக்காந்திருக்காங்க.

நானும் பார்த்தேன். முன்னால பட்டைக் கம்பி. ஒரே தகட்டுச் சக்கரம். பெட்டி இல்லாத டேஷ்போர்டு. பின்னால பட்டியைச் சுரண்டிச் சுரண்டி வெளிய எடுத்த கம்பெனி பேரு. மேல அரை லோடு இளநி. மாமனார் ஜீப்பு. கோழிக்கூண்டும் இல்லை, கன்னுக்குட்டியும் இல்லை, கிணத்து மோட்டாரும் இல்லை. நான் கழிச்சது ஒண்ணு விடாம அங்க நின்னுட்டு இருந்துச்சு.

மேஜரம்மா எழுந்து, ஆரம்ப காலத்து வண்டி இது, நாப்பத்திரண்டு தொடக்கத்துல வந்ததுன்னாங்க. முதல்ல செஞ்ச கொஞ்ச வண்டிக்குத்தான் இப்படிக் கம்பியை வெல்டு வெச்சாங்களாம். தகட்டுல ஓட்டை போட்டது அப்பறம் வந்ததாம். பெட்டி இல்லாததும், பின்னால பேரு புடைச்சதும் அந்த ஆரம்ப வண்டிக்கு அடையாளமாம். நான் போட்டோவுலதான் பார்த்திருக்கேன்னு சொன்னப்ப அவங்க குரலே மாறிப் போச்சு. என் புஸ்தகம் அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. பன்னெண்டாம் பக்கத்துல இதே வண்டி இருக்கே, யாரும் பார்த்ததில்லையான்னாங்க. நான் முன்னுரைன்னு விட்ட பக்கம்.

யாரோடதுன்னு கேட்டாங்க. மச்சினன் கையைக் காட்டினான். தெய்வானை இளநி வெட்டற எடத்துல இருந்து முந்தானையில கையைத் துடைச்சுட்டு வந்து, பையில இருந்து ஆர்.சி. புக்கை எடுத்து நீட்டினா. சேஸிஸ் நம்பர் சரி, இஞ்சின் நம்பர் சரி. அந்தச் சின்ன நம்பர்தான்.

ஆனா மேஜரம்மா பேனாவை எடுக்கலை. ஒரு எடம் இடிக்குதுன்னாங்க. புதுப் பச்சைக்கு அடியிலயும் சாமானுக்குச் சாமான் சிவப்புப் பெருக்கல் குறி தெரியுது. பாடியில எட்டு, சக்கரத்துக்கு ஒண்ணு, இஞ்சின்ல ஒண்ணு. கழிச்சுக்கட்டுன சாமான்னு யாரோ குறி வெச்சிருக்காங்க. இது நாலு எடத்துக் கழிவைப் பொறுக்கிச் சேர்த்த வண்டியா, ஒரே வண்டியான்னு தெரியாம நான் அசல்னு கையெழுத்துப் போட முடியாதுன்னாங்க. யார் போட்ட குறிம்மா இதுன்னு தெய்வானையைக் கேட்டாங்க.

அவ வாயைத் திறக்கலை. மச்சினன் இளநிக் குலையையே பார்த்துட்டு நின்னான். ரெண்டு பேருக்கும் தெரியும். ரெண்டு பேரும் என்னைக் காட்டிக் குடுக்கலை. அவங்கப்பா வண்டிக்குச் சான்றிதழ் போனாலும் போகட்டும், கூட்டத்துல என் மானம் போகக் கூடாதுன்னு நிக்கறாங்க. எனக்கு அப்ப வந்த வெக்கம் இருக்கே, கழிப்பறைக்குப் பக்கத்துல நிறுத்துனப்பக் கூட வரலை.

கூட்டத்தை விலக்கிட்டு முன்னால போனேன்.

"அது நான் போட்ட குறிங்கம்மா. அத்தனையும் ஒரே வண்டி. இவங்கப்பா வண்டி. நான்தான் நல்லா இருந்ததை எல்லாம் தப்புன்னு கழிச்சுப் போட்டேன்."

ஆதாரம் இருக்கான்னு கேட்டாங்க. இந்த நோட்டுதான் சட்டைக்குள்ள இருந்துச்சு. எடுத்துக் குடுத்தேன். குடுத்த பிறகுதான் உள்ள என்னென்ன எழுதியிருக்கேன்னு ஞாபகம் வந்துச்சு. அதுக்குள்ள அவங்க கண்ணாடியை மாட்டிட்டு, தேதி வாரியா ஒவ்வொரு சாமானையும் விரல் வெச்சுச் சரி பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. வாய் விட்டுத்தான் படிச்சாங்க. ஜன்னல் கம்பி படிச்சாங்க. காய்கறி வண்டிச் சக்கரம் படிச்சாங்க. வெங்காயம் வந்தப்ப தெய்வானை தலையைக் குனிஞ்சுக்கிட்டா. திரும்ப முன்னால புரட்டி, சூடா இருந்த தகட்டுக்கு வந்தப்ப மேஜரம்மாவுக்கே சிரிப்பை அடக்க முடியலை, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டாங்க. சங்கம் மொத்தமும் சிரிச்சுச்சு. நானும் சிரிச்சிருப்பேன்னு நினைக்கறேன்.

மச்சினன் மட்டும் சிரிக்கலை. பக்கத்துல வந்து, "ஏனுங் மச்சான், என்னைக் கஞ்சன்னா எழுதி வெச்சிருக்கீங்க?"ன்னான். அடுத்த தடவை நல்லவிதமா எழுதறேன்டா மாப்ளேன்னேன்.

மேஜரம்மா கையெழுத்துப் போட்டாங்க. அசல். உரிமையாளர் திருமதி தெய்வானை. நோட்டை என் கையில குடுத்துட்டு, இத்தனை ஒழுங்கா யாரும் ஒரு நல்ல வண்டியைக் கழிச்சு நான் பார்த்ததில்லை சார்னாங்க. பாராட்டுன்னே எடுத்துக்கிட்டேன்.

அணிவகுப்பு ஆரம்பிக்கறப்ப நான் என் எடத்துக்குப் போயிட்டேன், பீரங்கிக்கு அடியில. இளநியை இறக்கிட்டு ஜீப்பு வந்துச்சு. ஓட்டறது தெய்வானை. அவ ஓட்டி நான் பார்த்ததே இல்லை. பதினாறு வயசுல அவங்கப்பா பழக்கி விட்டாராம், இதுவும் இன்னிக்குத்தான் தெரியும். மேடைப் பக்கம் திரும்ப வேண்டியவ நேரா கழிப்பறைப் பக்கம் வந்து நிறுத்தினா. நிறுத்தினான்னா, மெதுவா உருண்டு டாங்கி மேல சாய்ஞ்சு நின்னுச்சு.

ஏறுங்கன்னா. நான் நகல் வரிசை, விதி எழுதுனதே நான்தான்னேன். ஹேண்ட் பிரேக் பிடிக்க மாட்டேங்குதுங்க, நிறுத்தற எடத்துல எல்லாம் யாராவது குதிச்சுச் சக்கரத்துக்குக் கட்டை வெக்கோணும், சென்னியப்பனுக்கு முட்டி வலி, சீக்கிரம் ஏறுங்கன்னா.

ஏறுனேன். மடியில ஒரு தென்னங்கட்டை. நான் கனவு கண்ட அதே அணிவகுப்பு, அதே முதல் வண்டி. கொடியேத்துற எடத்துல நிறுத்தினா, குதிச்சுக் கட்டை வெச்சேன். மேடை முன்னால நிறுத்தினா, கட்டை வெச்சுட்டு அப்படியே நிமிர்ந்து சல்யூட்டு அடிச்சேன். மைக்குல வண்டியோட வரலாறு, மாமனார் பேரு, தெய்வானை பேரு எல்லாம் சொன்னாங்க. கட்டை வெச்சவன் பேரு சொல்லலை. பின்னால டாங்கி மேல இருந்து குழந்தைவேலு மட்டும் கை தட்டினார். ஏழாவது விதியை மேடையிலயே எடுத்துட்டாங்களாம், அவரும் வரிசையில வந்துட்டார்.

நாலு எடத்துல நிறுத்தினா. நாலு எடத்துலயும் வண்டி ஒரு அங்குலம் நகரலை.

ஜனவரி 27, திங்கள்

உடம்பெல்லாம் வலி. குதிச்சுப் பழக்கமில்லை.

காலையில காப்பி குடிச்சுட்டு அவங்கப்பா ஜீப்பைச் சுத்தி வந்தேன். கையை முதுகுக்குப் பின்னாலயே கட்டிக்கிட்டேன். தெய்வானை படியில உக்காந்து என்னையே பார்த்துட்டு இருந்தா. ஆறு மாசமா எனக்குத் தெரியாம நீ எப்படி அம்புட்டையும் சேர்த்தேன்னு கேட்டேன். நீங்கதான் ரசம் ஆறற வரைக்கும் சொல்லிக் குடுத்தீங்களேன்னா. முதல்லயே நிறுத்தியிருக்கக் கூடாதான்னேன். மொத நாளே சொன்னேன், நோட்டுல நீங்களே எழுதியிருக்கீங்க, நேத்து அந்தம்மா படிச்சாங்களேன்னா. தப்புப் பண்ணிட்டேன் தெய்வானைன்னு சொன்னேன். முப்பத்தேழு வருஷத்துல முதல் தடவை சொல்றேன் போல, அவ டம்ளரைக் கீழ வெச்சுட்டா.

கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவாக் கேட்டேன். வேற எதையும் தொட மாட்டேன், அந்த ஹேண்ட் பிரேக்கை மட்டும் சரி பண்ணிக் குடுக்கட்டுமான்னு.

"அதைச் சரி பண்ணிட்டா அப்பறம் நீங்க எதுக்குங்க?"ன்னா.

சரி பண்ணலை.